மணலுக்குள்ளே ஓடின ஆறு

போன வாரம் குடும்பத்தோடு புல்லூர் கனகநாச்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். பக்கத்திலேயே பாலாற்றுத் தடுப்பணை. இந்தப் பக்கம் தேங்கின தண்ணீர், அந்தப் பக்கம் வெறும் பாறையும் முள்ளும்.

நான் ஆந்திராவில் இருக்கும் குப்பம் ஊர்க்காரன். வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு. அத்தையைக் கட்டிக்கொடுத்தது வாணியம்பாடி பக்கம். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: 2016-இல் எங்கள் ஆந்திர அரசு இந்தத் தடுப்பணையின் 5 அடிச் சுவரை 12 அடியாக உயர்த்தியது தப்பு. கீழே இருப்பவர்களைக் கேட்காமல் மேலே அணை கட்டக்கூடாது என்றுதான் 1892-இல் மெட்ராஸும் மைசூரும் ஒப்பந்தம் போட்டன. அன்றைக்கு எங்கள் குப்பமும் மெட்ராஸ் பக்கம்தான் இருந்தது. எத்தனை போர் போட்டும் தண்ணீர் வராத எங்கள் விவசாயிகளின் கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனாலும் தப்பு தப்புதான்.

சரி, சுவரை மட்டும் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாமா?

சின்ன வயதில் அத்தை வீட்டுக்குப் போனால் கோடையில் ஆற்றில் தண்ணீர் ஓடாது. ஆனால் தண்ணீர் இருக்கும். அத்தை கொட்டாங்குச்சியால் மணலை முழங்கை ஆழத்துக்குப் பறிப்பார். முதலில் ஊறுவது கலங்கலாக வரும், அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருப்பார். மூன்றாவது ஊற்றில் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். துணியை மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டுவார். பாலாறு அப்படிப்பட்ட ஆறு, பாதி ஓட்டம் மணலுக்குள்ளேதான். அந்த மணலை லாரி லாரியாக அள்ளி விற்றுவிட்டோம். இப்போது களிமண் வாய் பிளந்து கிடக்கிறது.

2021 நவம்பரில் இதே சுவரைத் தாண்டி வெள்ளம் வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் கரை புரண்டது. வந்த வேகத்தில் கடலுக்குப் போய்விட்டது. பிடித்துவைக்க மணல் எங்கே?

அப்புறம் ஆற்றில் கலக்கும் தோல் ஆலைக் கழிவு. வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இழப்பீட்டைக் கொடுங்கள் என்று மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. பிறந்த பிள்ளை வளர்ந்து கல்யாணம் கட்டுகிற காலம் அது.

அத்தை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாசலில் நின்றால் ஆறு தெரியும். குடிக்கிறதுக்கு கேன் வாங்குகிறார்.