தனி எந்தப் பாட்டில் என்று கேட்டால் என்ன தப்பு?

"கடவுள் ஒரு பக்கம் எடுத்தா இன்னொரு பக்கம் குடுத்துடுவான்." கச்சேரி முடிந்து மிருதங்கத்தை உறையில் போடும்போது இதை என்னிடம் சொல்லிவிட்டுப் போகும் மாமா, மாமிகள் நிறைய. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கையில் இருப்பது கொடுத்து வந்ததில்லை, சாதகம் பண்ணி வந்தது. இல்லாதது என்று அவர்கள் நினைப்பதையும் யாரும் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை.

எனக்கு ஆட்டிசம், கூடவே ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காத, அடங்காத துறுதுறுப்பு). தெரியவந்தது கச்சேரி வாசிக்க ஆரம்பித்துப் பல வருடம் கழித்துத்தான். (அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின்படி 2013 வரை இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு இருப்பதாக மருத்துவர் எழுதவே முடியாது. அந்த வருடம் வந்த ஐந்தாம் பதிப்புதான் அதை அனுமதித்தது. சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்ததும் அதே பதிப்புதான்.) அதுவரைக்கும் எனக்கு இருந்த ஒரே பெயர் 'திமிர் பிடித்தவன்'.

இந்த வியாதிக்காரப் பையன் எப்படி இசைக்கு வந்தான் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கர்நாடக சங்கீதத்தில் எனக்கு வசதியான விஷயங்கள் ஏராளம். பள்ளியில் கையை ஆட்டினால் அடி விழுந்தது. சபாவுக்குப் போனால் அரங்கில் பாதிப் பேர் தொடையில் தட்டிக்கொண்டும், விரலை மடக்கிக்கொண்டும், தலையை ஆட்டிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் முறைக்கவில்லை. சென்னையில் என் கை சும்மா இருக்கத் தேவையில்லாத ஒரே பொது இடம் அதுதான்.

அப்புறம் குறைப்பு. கச்சேரியில் பாட்டை நிறுத்திவிட்டுத் தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி தனி ஆவர்த்தனம், சுருக்கமாகத் 'தனி'. அதில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்போம். முதலில் பெரிய அளவு, பிறகு அதில் பாதி, அதிலும் பாதி என்று சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் சேர்ந்து வாசிக்கும் இடத்துக்கு வரும். யார் முறை, எவ்வளவு நேரம், எங்கே விட வேண்டும் எல்லாம் தெளிவு. மனிதர்கள் பேசிக்கொள்வதும் இப்படி இருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சபா கேன்டீனில் நாலு வித்வான்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசும்போது எங்கே நுழைவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கோர்வை (ஒரு பகுதியை முடித்துவைக்கும் தாளக் கணக்கு) என்றால் ஒரு தடவை கேட்டால் கணக்கு பிடிபட்டுவிடும். (ஆட்டிசம் இருப்பவர் எல்லாருக்கும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு என்றால் ஓடுகிறவர்களும் எங்களில் உண்டு.)

சிக்கல் வாசிப்பில் இல்லை. வாசிப்பைச் சுற்றி இருக்கும், வாயைத் திறந்து யாரும் சொல்லாத விஷயங்களில்தான்.

ஒத்திகை இல்லாமல் மேடை ஏறுவது நம் கச்சேரிகளில் சகஜம். பக்கவாத்தியக்காரருக்குப் பாட்டுப் பட்டியல் பெரும்பாலும் தெரியாது. அதில் எனக்குப் பிரச்சினை இல்லை, பாட்டு காதில் விழுந்தால் கை போய்விடும். ஆனால் தனி எப்போது? பாடகர் தலையை லேசாக அசைப்பார். சிலர் அதுவும் இல்லாமல் சும்மா திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் ஃபிளாஸ்க்கைத் திறப்பார்கள். அது தனிக்கு அடையாளமா, தொண்டை வறண்டதற்கு வெந்நீரா என்று அந்தப் பார்வையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது கேட்காமலே வருகிறது. நான் கச்சேரி முழுக்க அந்த முகத்தைக் கவனிப்பதிலேயே பாதி மூளையைச் செலவழிக்கிறேன்.

அதனால் மேடை ஏறும் முன்னால் கேட்டுவிடுவேன்: "அண்ணா, தனி எந்தப் பாட்டுல? என்ன தாளம்?" இதற்குக் கிடைக்கும் பதில், "என்னப்பா, புதுசா? மேடையில பாத்துக்கலாம் வா." சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் 'இவன் இன்னும் பழகவில்லை' என்ற பேச்சு அடுத்த சபாவுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

முன்கூட்டியே பேசிவைத்தால் மனோதர்மம், அதாவது மேடையிலேயே கற்பனை பண்ணி வாசிப்பது, போய்விடும் என்பார்கள். எனக்கு இந்த வாதம் புரியவில்லை. எத்தனை ஆவர்த்தனம் ஸ்வரம் பாடுவீர்கள், எங்கே கோர்வை வைப்பீர்கள் என்றா கேட்டேன்? மிஸ்ர சாபு தாளத்தில் தனி என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் நான் வாசிக்கப்போவது முன்பே எழுதிவைத்ததாக ஆகிவிடுமா? தெரிந்தால்தான் பயமில்லாமல் புதிதாக ஏதாவது முயன்று பார்ப்பேன்.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஒலிப்பதிவுக்குப் போகும் நாட்களில் இந்தத் தலைவலி இல்லை. காதில் தாளம் காட்டும் க்ளிக் ஓடும், எங்கே ஆரம்பம், எங்கே நிறுத்தம் என்று தாளில் இருக்கும், வேண்டாததை 'இது வேண்டாம்' என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். அங்கேயும் தொல்லை உண்டு. 'அரை மணியில வா' என்று கூப்பிட்டு மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள். ஆனாலும் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மனிதனாக இருப்பேன். மார்கழி சீசனில், மதியம் மயிலாப்பூர், சாயங்காலம் தியாகராய நகர், நடுவில் மெட்ரோ பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ என்று ஒரு நாள் போனால், மறுநாள் என் வாயிலிருந்து வார்த்தையே வராது. அம்மாவுக்குப் பழகிவிட்டது. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

சத்தம் பிடிக்காதவனுக்கு மிருதங்கமா என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்விதான். நானே எழுப்பும் சத்தம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும். மைக் திடீரென்று ஊளையிடுவது தெரியாது. மேடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், முந்தைய கச்சேரிக்காரர்கள் உறை போட்டுக்கொண்டிருக்க, தம்புரா ஆப் ஒரு ஸ்ருதியில், வயலின்காரர் இன்னொரு ஸ்ருதியில், நடுவில் நான் கல்லும் புள்ளும் (மரக்கட்டை) வைத்து வலந்தலையை, அதாவது மிருதங்கத்தின் வலது பக்கத்தை, ஸ்ருதி சேர்க்க வேண்டும். காதடைப்பான் போட்டுக்கொண்டால் அவ்வளவுதான். "காதை அடைச்சுண்டு எப்படி ஸ்ருதி சேக்கறே?" இசைக்கலைஞர்களுக்கென்றே, சுருதி கெடாமல் அளவை மட்டும் குறைக்கும் காதடைப்பான் விற்கிறது. அதைப் போட்டால்தான் ஸ்ருதி கேட்கிறது என்று விளக்குவதை நான் விட்டுவிட்டேன்.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1995-ல் வந்த சட்டத்தில் இருந்த 7 வகை ஊனங்களில் ஆட்டிசம் கிடையாது. 2016 சட்டத்தில் அது 21 வகையானபோது ஆட்டிசம் சேர்ந்தது, ஏடிஎச்டி சேரவில்லை. 40 சதவீதம் என்று சான்றிதழ் இருந்தால் அரசு வேலையில் ஒதுக்கீடு கேட்கலாம். நல்லது, தேவையானது. மேடையில் இரண்டரை மணி நேரம் உட்கார்பவனுக்கு முதலாளி யார்? சபாவா, பாடகரா? எந்த அதிகாரியிடம் போய், எனக்குத் தனி எந்தப் பாட்டில் என்று சொல்லச் சொல்லுங்கள் என்று மனு கொடுப்பது?

வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேரோ. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் தனக்கு டூரெட் (நினைக்காமலே உடம்பு வெட்டி இழுக்கும், சத்தம் வரும் நரம்புப் பிரச்சினை) இருப்பதை 2018-ல் சொன்னார், அவர் பாட்டை யாரும் கேட்காமல் விடவில்லை. இங்கே ஒரு இளம் பக்கவாத்தியக்காரர் சொன்னால் முதலில் போவது வாய்ப்பு, அடுத்தது கல்யாணப் பேச்சு. சொல்லாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கல்யாண அவசரம் இல்லை, அதனால் சொல்கிறேன்.

சரி, இந்த மார்கழிக்குக் கூப்பிட நினைப்பவர்களுக்கு: போன் பண்ணினால் எடுக்க மாட்டேன், திமிர் இல்லை. வாட்ஸ்அப்பில் தேதி, இடம், பாடகர், எத்தனை கட்டை ஸ்ருதி, எவ்வளவு சன்மானம் என்று எழுதுங்கள். அன்றைக்கே பதில் வரும். சன்மானத்தை எழுதச் சொல்வது ஆட்டிசத்தால் இல்லை, 'அதெல்லாம் பாத்துப் பண்றோம்' என்ற பதிலைக் கேட்டு அலுத்துப்போனதால். பக்கவாத்தியக்காரர்கள் எல்லாருமே இதைக் கேட்கத்தான் ஆசைப்படுகிறார்கள், சந்தேகமிருந்தால் கடக்காரரைக் கேளுங்கள்.