குளூட்டன் இல்லாம சாப்பிட அந்த இறக்குமதி ராக் தேவையே இல்லை

பினாங்குல எந்தப் பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாலும் ஒரு ஓரத்துல குளூட்டன் ஃப்ரீ, அதாவது கோதுமை, பார்லியில இருக்கற குளூட்டன்கற புரதம் இல்லாத சாமானுக்குன்னு தனி ராக் இருக்கும், ரொட்டி, பாஸ்தா, பிஸ்கட், கேக் மாவு, பாதிக்கு மேல வெளிநாட்டுச் சாமான். அங்க ஒரு சின்ன ரொட்டி பாக்கெட் வாங்கற காசுக்கு நம்ம ஊரு அரிசி கிலோ கணக்குல வாங்கலாம். மகளுக்கு சீலியாக், அதாவது குளூட்டன் சாப்பிட்டா குடல் கெடற நோய்னு தெரிஞ்சதும் சொந்தக்காரங்க எல்லாரும் வாட்ஸ்அப்ல எனக்கு அனுப்புனது அந்த ரொட்டி போட்டோவத்தான், அன்புலதான் அனுப்புனாங்க, ஆனா நான் உறுதியா சொல்றேன், அந்தப் பக்கமே போகாதீங்க. கோதுமையில செய்யறத கோதுமை இல்லாம அப்படியே செய்யணும்னு நினைக்கறப்பதான் காசு போகுது. வேணாம்னு விட்டுட்டா அரிசி, உளுந்து, கேழ்வரகு, மரவள்ளி எல்லாம் நம்ம வீட்டுலயே இருக்கு.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. டாக்டர் டெஸ்ட் பண்ணாம சும்மா வயிறு ஊதுதுன்னு கோதுமையை நிறுத்தாதீங்க ப்ளீஸ். நிறுத்திட்டுப் போய் ரத்தம் கொடுத்தா ரிசல்ட் தப்பா நார்மல்னு வர வாய்ப்பு இருக்கு, அப்புறம் உண்மை தெரியணும்னா மறுபடியும் வாரக்கணக்குல கோதுமை சாப்பிடச் சொல்லுவாங்க. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல 1 வெள்ளி (ரிங்கிட்) தான், அங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு லெட்டர் வாங்கிக்கலாம்.

சரி, சாமானுக்கு வரேன். உள்ளூர் வெள்ளை அரிசி கட்டுப்பாட்டு விலை 10 கிலோ 26 வெள்ளி, 2023-லேருந்து பல கடையில தேடித்தான் வாங்க வேண்டியிருக்கு, கண்ணுல பட்டா எடுத்து வச்சிடுங்க. தோசைக்கு அந்த அரிசியே போதும், நாலுக்கு ஒண்ணு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். இட்லிக்குத்தான் புழுங்கலரிசி வேணும். புட்டு, இடியாப்பம், ஆப்பம், மீஹூன்கற அரிசி சேமியா எல்லாம் அரிசிதான். அரசாங்கம் சாமான் வாங்கக் கொடுக்கற சாரா காசு 100 வெள்ளி மைகாட்ல (அடையாள அட்டையில) வந்தப்ப நான் அரிசி, முட்டை, எண்ணெய்னு முடிச்சேன்.

இப்ப எல்லாரும் கோட்டை விடற இடம். காசு மிச்சம் பண்றேன்னு லெபோ பாசார் பக்கம் சாக்குல திறந்து வச்சிருக்கற மாவை வாங்காதீங்க. அதே கரண்டிதான் ஆட்டா மாவுக்குள்ளயும் போகுது. மாவு மில்லும் அப்படித்தான், முன்னாடி ஆளு கோதுமை அரைச்சிட்டுப் போயிருப்பாரு, அடுத்து உங்க அரிசி விழுது. குளூட்டன் இல்லைன்னு சொல்ற சாமானுக்கு சர்வதேச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இருக்கு, அது கண்ணுக்கே தெரியாத அளவு. அதனால நான் மாவா வாங்கறதே கம்மி, முழுசா வாங்குவேன். கேழ்வரகு, உளுந்து, பருப்பு எதுவா இருந்தாலும் தட்டுல கொட்டிப் பொறுக்கணும், பருப்புல ஒண்ணு ரெண்டு கோதுமை மணி கிடக்கும், நல்லா கழுவி காய வச்சு வீட்டு மிக்சியில அரைச்சா மாவோட விலையும் கம்மி, மனசுக்கும் நிம்மதி.

ராக்குல செலவு பண்ணாத காசை எங்க போடணும்னா, பெருங்காயம். கடையில விக்கற கூட்டுப் பெருங்காயம் நிறைய பிராண்டுல கோதுமை மாவு கலந்துதான் வருது, கட்டிப் பெருங்காயத்துலயும் பாருங்க. அரிசி மாவு கலந்தது கிடைச்சா விலை கூட இருந்தாலும் வாங்குங்க, கிடைக்கலைன்னா ரெண்டு பல்லு பூண்டு தட்டிப் போட்டா சாம்பாரு நல்லாத்தான் இருக்கும். அடுத்தது கிச்சாப், அதாவது சோயா சாஸ். நம்ம ஊரு கிச்சாப்புல பெரும்பாலும் கோதுமை இருக்கும், ஆய்ஸ்டர் சாஸ்லயும் இருக்கலாம். கோதுமை இல்லாத தமாரின்னு ஒரு சோயா சாஸ் இருக்கு, விலை அதிகம், சின்ன பாட்டில் ஒண்ணு வாங்கி சொட்டு சொட்டா ஊத்துங்க, பல மாசம் வரும். மைலோ, ஹார்லிக்ஸ் நிறுத்திடணும், பார்லி மால்ட் இருக்கு. கல்யாண வீட்டுல உடம்பு சூட்டுக்கு நல்லதுன்னு அத்தை மாமி எல்லாம் பார்லித் தண்ணி கொடுப்பாங்க, கையெடுத்துக் கும்பிட்டு வேணாம்னு சொல்லிடுங்க. பாக்கெட்ல மலாயில கண்டும் (gandum, கோதுமை), பார்லின்னு எழுதியிருக்கான்னு பாருங்க, நம்ம நாட்டு உணவுச் சட்டப்படி குளூட்டன் உள்ள தானியம் கலந்திருந்தா லேபிள்ல எழுதணும். அப்பளம், ரெடிமேட் தோசை மாவு, கறித்தூள் வாங்கறப்பவும் இதே மாதிரி படிச்சிட்டு எடுங்க.

பிள்ளைங்க ஸ்கூலுக்கு என்ன கொடுக்கறதுன்னு நிறைய அம்மாக்கள் கேக்கறாங்க. மரவள்ளிக்கிழங்கு அவிச்சு தேங்காய் துருவி கொஞ்சம் சீனி போட்டுக் கொடுங்க. ஜப்பான்காரன் காலத்துல பஞ்சத்துக்குத் தின்ன கிழங்கு, அதைப் போய் பிள்ளைக்குக் கொடுக்கறதான்னு எங்க வீட்டுப் பெரியவங்களே முகம் சுளிச்சாங்க, அவங்க பட்ட கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அந்த நாளுல எத்தனை உயிரைக் காப்பாத்துன கிழங்கு அது, பாசார்ல இன்னைக்கும் மலிவாத்தான் கிடைக்குது, என் மக டப்பா காலியாத்தான் வருது. ஒருநாள் சக்கரவள்ளி, ஒருநாள் எலுமிச்சை மீஹூன், ஒருநாள் மிளகாய்ப்பொடி தடவின இட்லி. பக்கத்துல இருக்கற பிள்ளை சாண்ட்விச் சாப்பிடுதுன்னு இவளுக்கும் சாண்ட்விச் வேணும்னு இல்லை.

ஒரே ஒரு விஷயத்துல எனக்குக் கோவம் இருக்கு. சாதாரண கோதுமை மாவு மானிய பாக்கெட் கிலோ 1.35 வெள்ளி. கோதுமையே தொட முடியாத நோயாளிக்கு அந்த மானியத்தால ஒரு சென் பிரயோஜனம் இல்லை. இது டயட் ஃபேஷன் இல்லை, வேற மருந்தே கிடையாது, சாப்பாடுதான் வைத்தியம். பி40ங்கற குறைஞ்ச வருமானக் குடும்பத்துல இந்த நோய் வந்தா அந்த அம்மா என்ன பண்ணுவாங்க? அரிசி மாவு, கேழ்வரகு மாவையாவது விலைக் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வரணும்னு நம்ம தொகுதி ஒய்பிகிட்ட (மக்கள் பிரதிநிதிகிட்ட) கேக்கணும், நான் கேக்கத்தான் போறேன்.

பட்டர்வொர்த், பிறை பக்கம் கோதுமை போடாம அரிசி மட்டும் அரைக்கற மில் யாருக்காவது தெரிஞ்சா கீழ எழுதுங்க, இங்க தேடற அம்மாக்கள் நிறைய பேரு இருக்காங்க.