கைது செய்தி வந்தது, வழக்கு என்ன ஆனது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர் ஒருவர் சனிக்கிழமை இரவு கைதானால், ஞாயிறு மதியத்துக்குள் சிறையில் எடுத்த அவருடைய மக் ஷாட் (கைதானவரின் முகப் படம்) நாடு முழுக்கப் போய்விடும். எட்டு மாதம் கழித்து அந்த வழக்கு தள்ளுபடியானால், அந்தச் செய்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதைவிடப் பலமடங்கு கனமான ஒரு புகார் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஓராண்டு கிடந்தாலும் ஒரு வரி வெளியே வராது. ஊடகங்கள் வீரர்களைக் குறிவைக்கின்றன என்று ஒரு தரப்பும், வீரர்களைக் காப்பாற்றுகின்றன என்று இன்னொரு தரப்பும் சண்டை போடுகின்றன. இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். கையில் கொடுத்ததை வாங்கி அப்படியே போடுகிறார்கள். கொடுக்காததைக் கேட்டு வாங்க மறுக்கிறார்கள்.

ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2012 டிசம்பரில் மாணவி ஒருவர் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டல்லஹாசி நகரப் போலீசில் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார். அடுத்த மாதமே அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக்கை, அதாவது ஆட்டத்தை நடத்திச் செல்லும் முக்கிய வீரரை, அடையாளம் சொன்னார். செய்தி வெளியே வந்ததோ 2013 நவம்பரில், அதுவும் செய்தியாளர்கள் போலீஸ் ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பித்த பிறகு. டிசம்பர் 5 அன்று அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தார். ஒன்பதாம் நாள் அந்த வீரர், கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். 2014 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் விசாரணைக் கோப்புகளை வரி வரியாகப் படித்து எழுதியபோதுதான், சம்பவத்துக்கு முன் இருவரும் இருந்த மதுக்கூடத்தின் கேமரா பதிவுகளைப் போலீஸ் வாங்கவே இல்லை, அன்றிரவு அவர்களை ஏற்றிப்போன டாக்ஸி ஓட்டுநரைக் கண்டுபிடிக்கவும் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. அந்த வீரர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. சம்மதத்தோடு நடந்தது என்பது அவர் தரப்பு. பல்கலைக்கழகம் நடத்திய விசாரணையும் அவர் விதியை மீறியதாகச் சொல்லவில்லை. இதையெல்லாம் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஆனால் அதே ஏப்ரல் மாதக் கடைசியில், 32.72 டாலர் பெறுமான நண்டுக்கால்களுக்குப் பணம் கொடுக்காமல் அவர் கடையை விட்டு வெளியே வந்த விஷயம், போலீஸ் விசாரணையின் ஓட்டைகளைவிடப் பெரிய பேச்சாக ஆக்கப்பட்டது. கேலிப் படங்களும் விவாதங்களும் குவிந்தன. பல்கலைக்கழகத்தின் மீது அந்த மாணவி தொடுத்த வழக்கை, தன் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, பல்கலைக்கழகம் 2016 ஜனவரியில் 9,50,000 டாலருக்கு முடித்துக்கொண்டது. அந்தத் தொகைக்கு ஏன் சம்மதித்தார்கள் என்று விடாமல் கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் பெரும்பாலான கேமராக்கள் வேறு பக்கம் போய்விட்டன.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ட்யூக் பல்கலைக்கழகத்தின் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தாடும் விளையாட்டு) அணி, 2006. மூன்று வீரர்கள் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டு. அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் அப்போது தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். பேட்டிக்கு மேல் பேட்டி கொடுத்தார், ஊடகங்களும் அவர் சொன்னதையே வழக்கு என்று எழுதின. பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டார், அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் ரத்தாகின. அந்த வீரர்களில் ஒருவர் அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததைக் காட்டும் ஏடிஎம் பதிவு, டாக்ஸி ஓட்டுநரின் சாட்சியம், விடுதிக் கதவின் கார்டு பதிவு எல்லாம் ஆரம்ப மாதங்களிலேயே கிடைத்தன. டிஎன்ஏ சோதனையில் வீரர்களுக்குச் சாதகமாக வந்த முடிவுகள் மறைக்கப்பட்டது டிசம்பரில் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 2007 ஏப்ரல் 11 அன்று வட கரோலினாவின் அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி, ராய் கூப்பர், மூவரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். நைஃபாங்கின் வழக்கறிஞர் உரிமம் பறிபோனது. புகார் கொடுத்தவரே 2024 டிசம்பரில் தான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார். இந்த வழக்கைக் காட்டி எல்லாப் புகாரையும் சந்தேகிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கே தோற்றது ஒரே ஒருவரின் வாயை ஆதாரமாக எடுத்துக்கொண்ட செய்தித் தொழில். அந்த ஒருவர் அரசு வழக்கறிஞராக இருந்தாலும் சரி, பயிற்சியாளராக இருந்தாலும் சரி, விளைவு ஒன்றுதான்.

கைது என்பது என்ன என்பதிலேயே பல செய்திகள் தடுமாறுகின்றன. குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருக்கிறது என்று ஒரு போலீஸ் அதிகாரி எழுதித் தருவதுதான் அதன் அடிப்படை. அந்தப் பிரமாண வாக்குமூலத்தில் எதிர்த்தரப்பு பெரும்பாலும் இருக்காது. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது, போடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர். பெருங்குற்றம் என்றால் பல மாநிலங்களில் கிராண்ட் ஜூரியும் (வழக்குப் போட ஆதாரம் போதுமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) உண்டு. கைதின்போது சொன்ன பிரிவு பலமுறை இங்கே சுருங்கிவிடும், சில வழக்குகள் இங்கேயே விழுந்துவிடும். முதல்முறை சிக்கியவரைச் சமூக சேவை, வகுப்பு என்று அனுப்பி முடித்துவிடும் டைவர்ஷன் ஏற்பாடும் இருக்கிறது. அதற்குப் பிறகு பதிவை அழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டால் காகிதம் பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிடும், இணையத்தில் அந்த மக் ஷாட் மட்டும் நிற்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தேடலில் முதலில் வருவது அதுதான்.

ஆகவே சம்பவ அறிக்கை, பிரமாண வாக்குமூலம், அரசு வழக்கறிஞரின் குற்றப்பத்திரிகை, நீதிமன்றத்தின் வழக்கு எண் ஆகியவற்றில் எது கையில் இருக்கிறது, எது இல்லை என்பதைச் செய்தியிலேயே சொல்ல வேண்டும். அடுத்த விசாரணைத் தேதியை அன்றைக்கே குறித்துவைக்க வேண்டும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2021 ஜூனில், தான் தொடர்ந்து கவனிக்கப்போகாத சிறு குற்றச் செய்திகளில் சந்தேக நபரின் பெயரை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தது. விளையாட்டுப் பக்கங்களுக்கும் அதே விதி வேண்டும். பின்தொடர ஆள் இல்லையென்றால் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம்.

பல்கலைக்கழகத்தின் வாசலில் எல்லாரும் முட்டிக்கொள்வது ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டு மாணவர் பதிவுச் சட்டத்தில். "தனியுரிமைச் சட்டம் இருக்கிறது, பேச முடியாது" என்று செய்தித் தொடர்பாளர் சொன்னதும் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சுவரில் வாசல்கள் உண்டு. வளாகப் போலீஸ் தன் பணிக்காக வைத்திருக்கும் பதிவுகள் 1992 திருத்தத்துக்குப் பிறகு ஃபெர்பாவுக்குள் வராது. வன்முறைக் குற்றத்திலோ பாலியல் குற்றத்திலோ மாணவர் பொறுப்பாளி என்று ஒழுங்கு விசாரணை முடிவு செய்திருந்தால், அந்த இறுதி முடிவை வெளியிட 1998 திருத்தம் இடம் தருகிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான் வட கரோலினாவில் டெய்லி டார் ஹீல் என்ற மாணவர் நாளிதழ் வழக்குத் தொடுத்து, 2020 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றத்தில் 4க்கு 3 என்று வென்றது. வளாகக் குற்றங்களை வெளியே சொல்லவைக்கும் கிளியரி சட்டப்படி வளாகப் போலீசின் தினசரிக் குற்றப் பதிவேட்டில் இரண்டு வேலை நாளுக்குள் பதிவு ஏற வேண்டும், கடைசி 60 நாள் பதிவுகளை யார் போய்க் கேட்டாலும் காட்ட வேண்டும். அதில் பெயர் இருக்காது. ஆனால் குற்றத்தின் வகை, தேதி, நேரம், இடம் இருக்கும். "அணி விதிகளை மீறியதால் காலவரையின்றி சஸ்பெண்ட்" என்று ஒரு வரி அறிக்கை வந்தால், உடனே திறக்க வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான்.

தனியார் பல்கலைக்கழகம் என்றால் கடினம். அரசுப் பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட்டிடம் வீரர்கள் பெயர் இருந்த போலீஸ் அறிக்கைகளை ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி 2015இல் நீதிமன்றம் வழியாகப் பெற்றது. நாட்டர் டேம் பல்கலைக்கழகம் தனியார் நிறுவனம் என்பதால் 2016இல் இந்தியானா உச்ச நீதிமன்றத்தில் அதே ஈஎஸ்பிஎன் தோற்றது. அப்போதும் மாவட்ட நீதிமன்றத்தின் எழுத்தர் அலுவலகம் திறந்துதான் இருக்கிறது. பேய்லரும் தனியார் பல்கலைக்கழகம்தான். அதன் கால்பந்து வீரர் ஒருவர் மீது 2014 ஜூனில் பாலியல் குற்றத்துக்காக கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டியது. அவர் ஆடாததற்குச் சரியான காரணம் சொல்லாமலே ஒரு பருவம் போனது. 2015 ஆகஸ்ட்டில் விசாரணை நடந்தபோது டெக்சஸ் மந்த்லி இதழ் எழுதிய பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. பதினான்கு மாதம் அந்தத் தாள் நீதிமன்றத்தில் இருந்தது. அந்த வீரருக்கு ஜூரி தந்த தீர்ப்பு மேல்முறையீட்டில் மாறி மாறிப் புரண்டது தனிக்கதை, அதையும் எழுதியவர்கள் குறைவு. ஆனால் நிறுவனத்தின் மீது திரும்பிய கேள்விகள் நிற்கவில்லை. 2016 மே மாதம் தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸும் பல்கலைக்கழகத் தலைவர் பதவியிலிருந்து கென் ஸ்டாரும் போனார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2023 ஜூலையில் ராகிங் புகாருக்காகப் பயிற்சியாளருக்கு இரண்டு வார சஸ்பென்ஷன் போதும் என்று நிர்வாகம் நினைத்தது. மறுநாள் டெய்லி நார்த்வெஸ்டர்ன் என்ற மாணவர் நாளிதழில் மாணவர்கள் உள்ளே நடந்ததை எழுதினார்கள். ஜூலை 10 அன்று அவர் பதவிநீக்கம்.

எண்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2011இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழும் சிபிஎஸ் தொலைக்காட்சியும் முன்னணி 25 கல்லூரிக் கால்பந்து அணிகளின் 2,837 வீரர்களைச் சோதித்து, 204 பேர் மீது, அதாவது 7 சதவீதம் பேர் மீது, போலீஸ் பதிவு இருப்பதாகச் சொன்னார்கள். மதிப்புள்ள வேலை. ஆனால் அதே வயது, அதே ஊர் இளைஞர்களோடு ஒப்பிடாமல் 7 அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. தலைப்பு மட்டும் படித்தவர்கள் அதிகம் என்றே எடுத்துக்கொண்டார்கள். கால்பந்திலும் கூடைப்பந்திலும் கறுப்பின மாணவர்களின் விகிதம் வளாகத்தில் இருப்பதைவிட மிக அதிகம். ஆகவே இந்தக் கவனக்குறைவு யார் முகத்தில் விழுகிறது என்பதைச் செய்தியறைகள் யோசித்தே ஆக வேண்டும்.

2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பங்கிடலாம், முதல் ஆண்டின் வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். இனி அவர்கள் தொழில்முறை வீரர்கள், செய்தியில் தயவு எதற்கு என்கிறார்கள் சிலர். அந்தப் பணத்தின் பெரும்பங்கு சில நட்சத்திரங்களுக்குப் போகும், உதவித்தொகைகூட இல்லாமல் ஆடும் வாக்-ஆன் மாணவருக்கு அல்ல. 2023 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், அலபாமாவில் கொலை நடந்த இடத்தில் இருந்த காரில் இப்படியொரு வாக்-ஆன் மாணவர் இருந்ததாக, பெயர் வெளியிடாத ஒருவரை நம்பி எழுதியது. அங்கே இருந்தது அவர் அல்ல, அணியின் மாணவ மேலாளர். அந்த மாணவர் மானநஷ்ட வழக்குப் போட்டார். டல்லஹாசியில் விசாரணைக் கோப்புகளை வரி வரியாகப் படித்த அதே நாளிதழ்தான் இது.