அது நடிகர் குரல் இல்லை

'ஹியர் இட் நவ்' என்ற பழைய அமெரிக்க வானொலிச் செய்தி நிகழ்ச்சியில் கேட்பதெல்லாம் நடிகர்கள் பேசியது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. அவர் 'மார்ச் ஆஃப் டைம்' நிகழ்ச்சியோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

1931-இல் தொடங்கிய 'மார்ச் ஆஃப் டைம்'தான் செய்திகளை வானொலியில் நாடகமாக நடித்துக் காட்டியது. நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ்கூட அதில் குரல் கொடுத்தவர். அந்த நிகழ்ச்சியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மாதிரியே நடிகர்கள் பேசிக் காட்டியதால், அதை நிறுத்தும்படி வெள்ளை மாளிகையே கேட்க வேண்டி வந்தது.

செய்தியாளர் எட்வர்ட் மர்ரோவும் தயாரிப்பாளர் ஃபிரெட் ஃபிரெண்ட்லியும் 1950 டிசம்பரில் சிபிஎஸ் வானொலியில் தொடங்கிய 'ஹியர் இட் நவ்' இதற்கு நேர் எதிர். வாரம் ஒரு மணி நேரம், அசல் குரல்கள். கொரியப் போர்முனையில் ஒலிப்பதிவு செய்தவற்றையும் அதில் போட்டார்கள். ஒலியைப் பதிவு செய்யும் காந்த நாடா வந்திருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று: வேண்டிய இடத்தில் பிளேடால் நறுக்கி, ஒட்டி, ஒரு பேச்சின் பக்கத்தில் இன்னொன்றை வைக்கலாம். 1951 நவம்பரில் இதே இருவர்தான் இந்த வடிவத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோய் 'சீ இட் நவ்' ஆக்கினார்கள்.

போர்முனையிலிருந்த சிப்பாயின் சொந்தக் குரலை நடிப்பு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மேலே உள்ள அந்தக் குறிப்பைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.