செவ்ரான் நெறி போனபின் அதிகாரம் யாரிடம்?

சட்டம் தெளிவற்றிருக்கும் இடங்களில், அதை நிறைவேற்றும் அரசுத் துறையின் நியாயமான விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும் என்பதே செவ்ரான் நெறி. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டதால் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கே திரும்பிவிட்டது என்று, அத்தீர்ப்பைப் பற்றிய கட்டுரையொன்றில் அதன் ஆசிரியர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. வழக்குத் தொடுத்த அட்லாண்டிக் ஹெர்ரிங் மீனவர்களின் குறை நியாயமானதே. அரசு விதிப்படி படகில் ஏறும் கண்காணிப்பாளருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 டாலர் வரை அவர்களே தர வேண்டும் என்ற விதிக்கு, 1976ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தில் வெளிப்படையான இடம் இல்லை. ஆனால், 1984 முதல் இருந்த செவ்ரான் நெறியையே அகற்றியதன் மூலம், காற்று மாசு, மருந்து அனுமதி போன்ற நுட்பமான சட்டச் சிக்கல்களிலும் இறுதி முடிவு, மக்கள் தேர்ந்தெடுக்காத, அத்துறைகளில் பயிற்சியும் இல்லாத, ஆயுட்கால நீதிபதிகளின் கைக்குப் போயிருக்கிறது. நிர்வாகத்தின் அத்துமீறலைத் தடுக்க, காங்கிரஸ் தன் சட்டங்களைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடமையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.