அப்பாவின் பனியன் துணியும் என் காரின் பொனட்டும்

அப்பாவிடம் கடும் நீல நிறத்தில் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. சித்திரை வருஷத்துக்கு முந்தின கிழமை, மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே அதை நிறுத்தி, பழைய பனியனில் பொலிஷைத் தொட்டு நாள் முழுக்கத் தேய்ப்பார். துணி நீலமாகிக்கொண்டே வரும். "ஊத்தை போகுது பாரு மனே" என்பார். போனது ஊத்தையில்லை, பெயின்ட் என்று எனக்கு விளங்க இருபது வருஷம் எடுத்தது.

அந்தக் காலத்துக் கார்களுக்கு அது சரியான வைத்தியம்தான். அவற்றில் நிறமே மேல்தோல். வெயிலில் வெளிறிச் சுண்ணாம்பு பூத்தது போல ஆன படையைத் தேய்த்து எடுத்தால் கீழே நல்ல நிறம் இருக்கும். பெயின்டும் மெதுமை, கைப்பலம் போதும். 1980களில் இருந்து பரவலான கிளியர் கோட் வேறு சாமான். நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு கடினமான படை. அதில் விழுந்த கீறலைப் பனியன் துணியால் எடுக்கப் பார்ப்பவர்களை இன்றைக்கும் காண்கிறேன். தோள் மூட்டுத்தான் தேயும்.

ஆகவே என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்துக் காரில் கீறல் போக வேண்டுமென்றால் பொலிஷ் மெஷின்தான். ஆனால் எந்த மெஷின், யாருடைய கையில் என்று கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன்.

2021. இலங்கையில் வாகன இறக்குமதி நின்று ஒரு வருஷம் தாண்டியிருந்தது. பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போக, விற்கிறவனும் பொலிஷ் போட்டான், வைத்திருக்கிறவனும் போட்டான். நானும் என் கறுப்பு வெகன் ஆரை ஓரிடத்தில் கட் அன்ட் பொலிஷுக்கு, அதாவது மேல்படையை மெல்லிசாகத் தேய்த்தெடுத்து மினுக்குகிற வேலைக்கு, விட்டேன். பின்னேரம் எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலை பத்து மணிக்குக் கல்லடிப் பாலத்தில் ஏறுகிறேன், வெயில் பொனட்டில் விழுகிறது, பார்த்தால் முழுக்க வளையம் வளையமாகச் சுழி. பொனட்டின் விளிம்பில் பெருவிரல் அளவுக்கு மினுக்கமே இல்லாத ஓரிடம். ஒரு வருஷத்துக்குள் அந்த இடம் பாம்புச் சட்டை கழன்ற மாதிரி உரிந்தது. பொலிஷுக்குக் கொடுத்த காசு போக, பொனட்டுக்குப் பெயின்ட் அடித்த காசு வேறு.

அங்கே ஓட்டியது ரோட்டரி மெஷின். அது ஒரே அச்சில் ஒரே பக்கமாகச் சுழலும், நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று வரைக்கும் போகும். கம்பளிப் பேடும், கொம்பவுண்ட் என்கிற தேய்க்கும் பசையும் சேர்ந்தால் நன்றாக வெட்டும், ஆனால் ஓரிடத்தில் கொஞ்சம் நின்றாலும் சூடேறிவிடும். விளிம்புகளில் பெயின்ட் இயல்பாகவே மெல்லிசு. அதில் பேட் பட்டால் கதை முடிந்தது. அந்தப் பொடியனை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். விளிம்புக்கு டேப் ஒட்ட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, வெளியே இன்னும் நாலு கார் நின்றது.

கிளியர் கோட்டின் தடிப்பு சாதாரணமாக 40, 50 மைக்ரோன். ஃபோட்டோ கொப்பி எடுக்கிற ஏ4 தாளில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலைத் தாங்குகிற மருந்தும் அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை கொம்பவுண்ட் போடும்போதும் அதில் கொஞ்சம் போகும், திரும்பி வராது. வருஷா வருஷம் கட் அன்ட் பொலிஷ் போடுகிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கட்டும்.

பிறகு கட்டாரில் இருந்து வந்த மச்சான் ஒரு டீஏ (டூயல் அக்ஷன்) மெஷின் கொண்டுவந்தான். இதில் பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும். கூட அமுக்கினால் சுழற்சி தானாக நின்றுவிடும். வேலை மெதுவாகத்தான் நகரும், ஆனால் எரிப்பது கஷ்டம், சுழியும் விழாது. இரண்டடிச் சதுரமாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்கும் நாலைந்து முறை ஆறுதலாக ஓட்ட வேண்டும். முதலில் ஒரு மூலையில் மெல்லிய பொலிஷால் பரீட்சை பார்த்து, அது போதுமென்றால் கொம்பவுண்டைத் தொடவே தேவையில்லை. என்னைப் போலப் படிக்கிறவனுக்கு இதுதான் தோது. தேர்ந்த கைக்கு ரோட்டரியும் நல்ல ஆயுதம்தான், மறுக்கவில்லை. அந்தத் தேர்ந்த கை நம்ம ஊரில் எத்தனை பேருக்கு என்பதுதான் கேள்வி.

கைக்கு வேலையில்லையா? இருக்கிறது. கதவுப் பிடிக்குள் நகம் கீறிய இடம், எழுத்து ஒட்டியிருக்கிற இடம், கண்ணாடியடி, இங்கெல்லாம் மெஷின் போகாது. கடைசியில் மெழுகு பூசுவதும் கையால்தான் எனக்குப் பிடிக்கும். மெழுகு கீறலை எடுக்காது, மூடும், அவ்வளவுதான். சில பொலிஷிலும் இந்த வித்தை உண்டு. அதிலுள்ள எண்ணெய் கீறலை நிரப்பிவிடும், இரண்டு முறை கழுவினால் எல்லாம் திரும்பிவரும். அதனால் காரை எடுக்கும்போது நிழலில் பார்க்காதீர்கள், வெயிலில் இழுத்துவிட்டுப் பாருங்கள். இருட்டிவிட்டால் ஃபோன் டோர்ச் போதும்.

இவ்வளவு கீறலும் எங்கிருந்து வருகிறது? பாதிக்கு மேல் நாமே போடுகிறோம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காரில் படிவது தூசி மட்டுமில்லை, மணலும்தான். அந்த மணல் கண்ணாடியையே கீறும். அதன் மேல் காய்ந்த துணியால் துடைக்கிறோம். அல்லது ஒரே வாளித் தண்ணீரில் துணியை முக்கி முக்கி, டயரைத் துடைத்த அதே துணியால் கதவையும். முதலில் தண்ணீர் அடித்து மணலை இறக்கி, சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி வைத்தால் மெஷினைத் தேடுகிற தேவையே பாதியாகக் குறையும்.

நேற்றுப் பக்கத்து வீட்டுத் தம்பி தன் ஆல்ட்டோவுக்கு மெஷினை இரவல் கேட்டான். ஞாயிறு காலையில் காரை இங்கேயே கொண்டுவா என்றேன், ஒன்பது மணி வரைக்கும் மாமர நிழல் இருக்கும். டேப் நான் ஒட்டுவேன், இரண்டு வாளி அவன் கொண்டுவர வேண்டும். பழைய சாரத்தைத் துடைக்கக் கொண்டுவந்தால் கேற்றடியிலேயே திருப்பி அனுப்புவேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.