போறவையைக் குறை சொல்ல முதல்

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட ஐயா சொன்னார்: "அரசாங்கம் சும்மா படிப்பிச்சு விட, இந்த நேர்ஸ் பிள்ளையள் காசுக்கு லண்டனுக்கு ஓடுதுகள்." அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தங்கச்சியும் இங்கே யாழ்ப்பாணத்தில் நேர்ஸாக இருந்து அப்படிப் போனவள்தான்.

காசு காரணமில்லை என்று சொல்லமாட்டேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது சம்பளம் அரை மாதத்துக்கும் காணவில்லை. ஆனால் அந்த வருசம் அவள் போகவில்லை. கூட வேலை செய்தவர்கள் போகப் போக, அவர்களுடைய டியூட்டியையும் சேர்த்துப் பார்த்தபடி இன்னும் ஒன்றரை வருசம் இருந்தாள்.

அவளை அனுப்பியது றோஸ்ரர், யாருக்கு எப்ப டியூட்டி என்ற மாதப் பட்டியல். முதலாம் திகதிக்கு முதல்நாள் இரவுதான் வைபரில் படமாக வரும். அதைப் பார்த்து ஒரு கடதாசியில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டுவாள். பென்சிலால்தான் எழுதுவாள், எப்படியும் மாறும். காலை 7 முதல் பகல் 1, பகல் 1 முதல் இரவு 7, பிறகு இரவு 7 முதல் விடிய 7 வரை நைற். அழித்து அழித்து எழுதி, மாதம் முடியமுதலே கடதாசி ஓட்டையாகிவிடும்.

அம்மம்மாவின் அந்தியேட்டிக்கு இரண்டு கிழமை முன்பே லீவு கேட்டவள். முதல்நாள் பின்னேரம் "ஆள் இல்லை, வாங்கோ" என்று போன். போனாள். இரவு முழுக்க நோயாளர் விடுதியில் அவளும் இன்னொருவரும் மட்டும். விடிய ஒரு நோயாளியின் மகன், சேலைன் முடிந்ததைக் கவனிக்கவில்லை என்று ஏசினார். பொறுப்பில் இருந்தவரும் எல்லோருக்கும் முன்னால் சேர்ந்து ஏசினார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் இருந்தாள். "அக்கா, என்ன நடந்தது எண்டு என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

இதைச் சொன்னால் உடனே "சேவை மனப்பான்மை" என்பார்கள். 1987 ஒக்ரோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் இந்திய இராணுவம் நோயாளர்களோடு 21 பணியாளர்களையும் சுட்டுக் கொன்றது. கடமையில் நின்றபடி செத்தவர்களை வருசா வருசம் நினைவுகூருகிறோம், கட்டாயம் கூர வேண்டும். அவர்களைச் சொல்லி, இன்றைக்கு லீவு கேட்கிற பிள்ளையின் வாயை அடைப்பதை என்னால் ஏற்க முடியாது.

சம்பளம் கொழும்பில் முடிவாகிறது. அதை இங்குள்ள ஒரு வைத்திய அத்தியட்சகரால் மாற்ற ஏலாது. ஆனால் றோஸ்ரரை இரண்டு கிழமை முந்திப் போடலாமே. நைற்றில் கொஞ்ச நேரம் சாய, பூட்டுள்ள ஒரு அறை கொடுக்கலாம். குறை இருந்தால் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லலாம். விலகல் கடிதம் தருகிறவரை இருத்தி, ஏன் போகிறீர்கள் என்று ஒருக்கால் கேட்கலாம். என் தங்கச்சியிடம் கடிதத்தை வாங்கிச் சீல் குத்தினார்கள், அவ்வளவுதான். ஆள் இல்லாதபடியால்தான் றோஸ்ரர் குழம்புகிறது என்பார்கள். உண்மைதான், அந்தக் குழப்பம் தாங்காமல்தானே மிச்ச ஆட்களும் போகினம்.

எங்கள் வீட்டிலிருந்து நல்லூர் முருகன் கோயிலுக்குச் சைக்கிளில் பத்து நிமிசம். இங்கே வேலை செய்த ஆறு வருசத்தில் ஒரு தேருக்கும் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. இந்தச் சித்திரையில் லண்டனிலிருந்து போன் எடுத்தாள்: "அக்கா, இந்தமுறை தேருக்கு வாறன். லீவு தந்திட்டினம்."